பியூட்டர்: வெள்ளீயக் கலப்பின் வரலாறும், குணமும், பராமரிப்பும்

(ஐக்கிய சங்க இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

செம்பு, பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் முதலிய உலோகங்களை நமது கிராம ஜனங்கள் நன்கு அறிவார்கள். பியூட்டர் என்ற பெயரைக் கேட்டறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆயினும் 14-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரையில் இங்கிலாந்திலும் அதைச் சூழ்ந்த தேசங்களிலும் உண்ணும் தட்டு, பருகும் குவளை, உப்புக் கிண்ணம், கரண்டி, சாராயக் கடைகளின் அளவுப் பாத்திரம் ஆகிய யாவும் பெரும்பாலும் இவ்வுலோகத்தினாலேயே செய்யப்பட்டு வந்தன.

மேனாட்டுப் பாத்திரத்தின் கதை நமக்கு எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. பியூட்டரின் முக்கியமான உலோகம் வெள்ளீயம். நமது வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் பூசப்படும் கலாயும் அதே உலோகந்தான். ஆகையால் ஒன்றின் குணத்தை அறிந்தால் மற்றதன் குணமும் விளங்கும். இது முதல் விடை. பியூட்டரின் சரித்திரம் முழுவதும் வெள்ளீயத்தில் காரீயம் கலக்கும் மோசத்தை எதிர்த்துத் தொழிலாளர் தாமே ஒரு சங்கமாகக் கூடி நடத்திய போராட்டத்தின் சரித்திரமாகும். இது இரண்டாவது விடை. அந்த மோசம் இன்றும் நமது அடுப்பங்கரைக்குள் நுழையக் கூடியது. அதைத் தடுக்கும் வழியும் அன்று போலவே இன்றும் ஜனங்கள் ஒன்றுகூடிச் செய்வதிலேயே இருக்கிறது.

ஒரு பெயர், இரண்டு உலோகங்கள்

"ஈயம்" என்ற ஒரே சொல் நமது பேச்சில் இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு வழங்கி வருகிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதே பல கெடுதல்களுக்குக் காரணமாகும்.

வெள்ளீயம் வெள்ளியைப் போன்ற நிறமுடையது. தண்ணீரைப் போல் 7.3 மடங்கு கனமுள்ளது. 232 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் உருகும். காற்றினாலும் தண்ணீரினாலும் துருப்பிடிப்பதில்லை. புளிப்பான பண்டங்களில் சிறிதளவே கரையும். அவ்வாறு கரைந்து வயிற்றுக்குள் சென்றாலும் உடம்பு அதில் மிகச் சிறு பாகத்தையே ஏற்றுக்கொண்டு எஞ்சியதைக் கழித்துவிடுகிறது. உணவுப் பாத்திரங்களுக்கு இவ்வுலோகம் ஏற்றதாகக் கருதப்பட்டதன் காரணம் இதுவே.

காரீயம் அறுத்த இடத்தில் பளபளப்பாகத் தோன்றினும் விரைவில் கருத்துவிடும். தண்ணீரைப் போல் 11.3 மடங்கு கனமுள்ளது. 327 டிகிரி சூட்டில் உருகும். மீன் வலையில் கட்டும் குண்டுகளுக்கும், துப்பாக்கி ரவைகளுக்கும், மோட்டார் வண்டி பாட்டரியின் தகடுகளுக்கும் இது பயன்படுகிறது. உணவுப் பாத்திரத்துக்கு இது முற்றிலும் ஆகாது. இது ஒரு விஷம்.

இவ்விரண்டும் உருகிய நிலையில் எந்த விகிதத்திலும் எளிதில் கலந்துவிடும். கலந்த பின்னர் புதிய பாத்திரத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் வேற்றுமை காண்பது அரிது. வெள்ளீயம் ஏறக்குறைய 63 பங்கும் காரீயம் 37 பங்குமாகச் சேர்ந்தால், அக்கலப்பு இரண்டையும்விடத் தாழ்ந்த 183 டிகிரி சூட்டிலேயே உருகும். உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசுக்கு இக்குணம் மிகவும் உதவுகிறது. ஆனால் அந்தப் பற்றாசைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவது பெருந்தீங்காகும்.

பியூட்டர் என்பது யாது?

சுத்தமான வெள்ளீயம் மிருதுவானது. அதன் கம்பியைக் கையால் வளைத்தால் வளையும். வளையும்போது உள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சப்தம் கேட்கும். இத்தகைய உலோகத்தினால் தட்டும் குவளையும் செய்து அன்றாடம் புழங்கினால் விரைவில் நசுங்கிக் கெட்டுவிடும். ஆதலால் அதனுடன் வேறு உலோகங்களைச் சிறிதளவு சேர்த்துக் கெட்டிப்படுத்தினார்கள். அக்கலப்பே பியூட்டர் எனப்படுவது.

நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு செம்பைச் சேர்த்தாலே வெள்ளீயம் உறுதியடைகிறது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆண்டிமனி என்னும் உலோகத்தையும் சேர்க்கலாயினர். இக்காலத்தில் விற்கப்படும் நல்ல பியூட்டரில் வெள்ளீயம் நூற்றுக்கு 90 பங்குக்கு மேற்பட்டும், எஞ்சியது ஆண்டிமனியும் செம்புமாகவும் இருக்கும். காரீயம் அதில் சேர்க்கப்படுவதில்லை. முற்காலத்துப் பியூட்டரிலோ காரீயம் ஏராளமாகச் சேர்ந்ததுண்டு. கலப்பு எவ்வாறாயினும் ஏறக்குறைய 170 முதல் 240 டிகிரி சூட்டுக்குள் அது உருகத் தொடங்கிவிடும். விறகு அடுப்பின் தணலில் செம்பு உருகாது. பியூட்டரோ எளிதில் உருகிவிடும். இக்குணம் வார்ப்பவனுக்கு வரமாகவும், அஜாக்கிரதையுள்ள சமையற்காரனுக்குச் சாபமாகவும் இருக்கிறது.

பழமையான வரலாறு

வெள்ளீயக் கலப்பினால் பாத்திரம் செய்யும் வழக்கம் மிகப் பழமையானது. எகிப்து தேசத்தில் அபைடாஸ் என்னுமிடத்துக் கல்லறையொன்றில் கண்டெடுக்கப்பட்ட குடுவை, கிறிஸ்துவுக்கு முன் சுமார் 1,450-ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படுகிறது. ரோமர்கள் பிரிட்டனை ஆண்ட காலத்தில், அத்தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பிரதேசத்து வெள்ளீயத்தைக் கொண்டு தட்டுகளும் கிண்ணங்களும் வார்த்தனர். அவர்கள் உபயோகித்த கல் அச்சுகள் சாமர்செட் மாவட்டத்தில் காமர்ட்டன் என்னுமிடத்தில் அகப்பட்டுள்ளன.

வெள்ளீயம் எங்கும் கிடைக்கும் பொருளன்று. கார்ன்வாலில் அது கிடைத்தபடியால் பியூட்டர்த் தொழிலில் இங்கிலாந்து முதன்மை பெற்றது. நமது கரையோரத்தாருக்கு வெள்ளீயம் வந்த வழி வேறு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பரங்கிப்பேட்டை, நாகூர் முதலிய துறைமுகங்களிலிருந்து சுலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் கைத்தறித் துணிகளைக் கப்பலேற்றி மலாய் நாட்டுக் கெடா முதலிய இடங்களுக்குச் சென்று, மாற்றாக வெள்ளீயமும் யானைகளும் கொண்டுவந்தனர். நெசவாளியின் துணி சென்று சமையலறைக்கு வெள்ளீயமாகத் திரும்பிற்று என்று சொல்லலாம்.

தொழிலாளர் தாமே வகுத்த விதி

பியூட்டர் வரலாற்றில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் லண்டன் நகரம். காரீயம் வெள்ளீயத்தைவிட எப்பொழுதும் மிகவும் மலிவாகவே இருந்து வந்திருக்கிறது. ஆகவே வெள்ளீயத்தில் காரீயத்தைக் கூட்டக்கூட வார்ப்பவனுக்கு லாபம் கூடும். வாங்குபவனுக்கோ வேற்றுமை தெரியாது. இந்நிலையில் முதலில் நசிந்து போகிறவன் மோசக்காரனல்லன், நாணயமுள்ள தொழிலாளியே. அவன் நல்ல சரக்கை நியாய விலைக்குக் கொடுக்க, அடுத்த கடைக்காரன் கெட்ட சரக்கைச் சற்றுக் குறைத்துக் கொடுத்து வாடிக்கையை இழுத்துக்கொள்கிறான். சில ஆண்டுகளில் ஊரிலுள்ள சரக்கு முழுவதன் பெயரும் கெட்டுவிடுகிறது.

இதை உணர்ந்த லண்டன் பியூட்டர்த் தொழிலாளர்கள் 1348-ஆம் ஆண்டில் தமக்குள் விதிகளை வகுத்து நகர ஆட்சியாளரின் அங்கீகாரம் பெற்றனர். அவ்விதிகள் சரக்கை இரு தரமாகப் பிரித்தன. தட்டுகள், உப்புக் கிண்ணங்கள் முதலியவை வெள்ளீயமும் செம்பும் மாத்திரம் சேர்ந்த உயர்ந்த கலப்பினால் செய்யப்படவேண்டும். சில உருண்டைப் பாத்திரங்களுக்கு மட்டும் வரையறுத்த அளவு காரீயம் சேர்க்கலாம். எதில் எவ்வளவு என்பது தொழிலாளியின் இஷ்டத்துக்கு விடப்படவில்லை.

1474-ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்டு அரசர் இச்சங்கத்துக்குச் சாசனம் வழங்கினார். அதனால் லண்டனில் மட்டுமின்றி நாடெங்கும் சென்று சரக்கைச் சோதித்து, தரங்குறைந்ததைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடைத்தது. 1503–04-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பியூட்டர் செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் முத்திரையைப் பாத்திரத்தில் பதிக்கவேண்டுமென்று விதித்தது. ஊர் ஊராகச் சுற்றிக் கள்ளத் தராசுடன் பழைய பியூட்டரை வாங்கியும் கெட்ட சரக்கை விற்றும் வந்தவர்களையும் அச்சட்டம் தடுத்தது.

முத்திரை முறையின் நன்மை வெளிப்படை. ஒவ்வொரு தொழிலாளியும் தனது முத்திரையைச் சங்க மண்டபத்திலிருந்த தகட்டிலும் பதித்து வைக்கவேண்டும். பாத்திரத்தில் குற்றம் காணப்பட்டால் முத்திரையைத் தகட்டுடன் ஒப்பிட்டுச் செய்தவனைக் கண்டுபிடித்துவிடலாம். 1666-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரம் தீப்பற்றி எரிந்தபோது பழைய தகடுகள் அழிந்து போயின. சங்கத்தார் சோர்ந்துவிடாமல் 1668 முதல் புதிய தகடுகளில் முத்திரைகளை மறுபடியும் பதியச் செய்தனர். அவற்றுள் ஐந்து தகடுகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. பழைய பாத்திரமொன்றைச் செய்தவன் இன்னாரென்று ஆராய்ச்சியாளர் இப்பொழுதும் அவற்றைக் கொண்டு அறிகின்றனர்.

இச்சங்கம் இன்னொரு வகையிலும் உதவிற்று. பியூட்டர் வார்க்கும் வெண்கல அச்சுகள் விலை மிகுந்தவை. சிறு தொழிலாளி ஒவ்வொரு வடிவத்துக்கும் அச்சு வாங்க முடியாது. ஆதலால் சில அச்சுகளைச் சங்கமே வைத்திருந்து அங்கத்தினருக்குக் கொடுத்து உதவி வந்தது. இக்காலத்தில் நாம் விதைக்கும் இயந்திரத்தையும் மருந்து தெளிக்கும் கருவியையும் சங்கத்தின் பொதுச் சொத்தாக வைத்துக்கொள்வது போன்றதே இது. ஆனால் அச்சங்கம் நமது ஐக்கிய சங்கத்தைப் போன்று எல்லோருக்கும் கதவு திறந்து வைத்ததன்று; தொழில் பழகியவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. அக்குறையை மறக்கலாகாது. எனினும் தரத்தைக் காக்க அது கொண்ட முறை போற்றத்தக்கதே.

இவ்வாறு நம்பிக்கை நிலைபெற்றபடியால் பியூட்டர் நாடெங்கும் பரவிற்று. 1577-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலைமையை வர்ணித்து எழுதிய வில்லியம் ஹாரிசன் என்பவர், முன்பு மரத்தட்டில் உண்ட குடியானவர்கள் தம் காலத்தில் பியூட்டர்த் தட்டுக்கு மாறிவிட்டதைக் குறிப்பிடுகிறார். பழைய தட்டு தேய்ந்து போனால் அதை எடைக்குக் கொடுத்துப் புதியது வாங்கும் வழக்கமும் இருந்தது. ஆகவே குடும்பத்தின் பியூட்டர் அதன் சேமிப்பாகவும் விளங்கிற்று. நமது பெண்மக்களுக்குச் சீராகக் கொடுக்கும் பித்தளையும் வெண்கலமும் அவ்வாறே அல்லவா?

தாழ்வும் மறுமலர்ச்சியும்

18-ஆம் நூற்றாண்டில் மலிவான பீங்கான், மண்பாண்டம், கண்ணாடி ஆகியவை பெருகின. அவை இலேசானவை, கழுவ எளியவை, கருப்பதில்லை. சங்கத்தின் சோதனை அதிகாரமும் மெல்லத் தளர்ந்தது. சுமார் 1770-இல் ஷெபீல்டு நகரத்தில் காரீயமின்றி ஆண்டிமனியும் செம்பும் சேர்த்த கெட்டியான கலப்பொன்று செய்யப்பட்டு, பிரிட்டானியா உலோகமெனப் பெயர் பெற்றது. அதைத் தகடாக உருட்டி மெல்லிய பாத்திரங்கள் செய்ய முடிந்தது. இக்காலத்துப் பியூட்டர் பெரும்பாலும் இவ்வழியில் வந்ததே.

மலாய் நாட்டில் பேராக், சிலாங்கூர் முதலிய பகுதிகளில் வெள்ளீயச் சுரங்கங்கள் 19-ஆம் நூற்றாண்டில் பெருகின. 1885-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் சீன நாட்டினரான யோங் கூன் என்பவர் தொடங்கிய சிறு பட்டறை, இன்று ராயல் சிலாங்கூர் என்ற பெயருடன் உலகெங்கும் பியூட்டர்ச் சாமான்களை அனுப்பும் ஸ்தாபனமாக வளர்ந்திருக்கிறது. நமது தேசத்தில் வெள்ளீயத் தாது மிகக் குறைவு. சத்தீஸ்கட் ராஜ்யத்தில் பஸ்தர் பிரதேசத்தில் சிறிதளவு எடுக்கப்படுகிறது. தேவையின் பெரும்பாகம் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. அதனால் விலையும் அதிகம். அண்மை ஆண்டுகளில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போல் பத்து மடங்குக்கு மேலாக இருந்து வருகிறது. மோசம் செய்வதற்குள்ள ஆசை எவ்வளவு பெரிது என்பதை இதைக் கொண்டே அறியலாம்.

காரீயத்தினால் விளையும் கேடு

புளி, எலுமிச்சை, தக்காளி, மோர், காடி முதலிய புளிப்புப் பண்டங்கள் காரீயத்தைக் கரைக்கும். சூடும், நெடுநேரம் வைத்திருத்தலும் அதனை அதிகப்படுத்தும். கரைந்த காரீயத்துக்குத் தனிச் சுவையோ மணமோ இல்லாதபடியால் உண்பவர் அறியார். அது இரத்தத்தில் சேர்ந்து, பின் எலும்பில் தங்கி, பல ஆண்டுகள் நீங்காமல் நிற்கும். வயிற்று வலி, மலச்சிக்கல், இரத்தக் குறைவு, கை கால் தளர்ச்சி ஆகியவை பெரியவர்களிடம் காணப்படும். குழந்தைகளே அதிகமாகப் பாதிக்கப்படுவர். வெளிக்கு எந்த அடையாளமும் இல்லாமலே அவர்களுடைய மூளை வளர்ச்சி குன்றி, கல்வியில் மந்தம் ஏற்படும். கர்ப்பிணிகளின் உடம்பிலுள்ள காரீயம் கருவிலுள்ள சிசுவையும் சேரும். இரத்தத்தில் இவ்வளவு வரை காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

பியூட்டர்த் தட்டும் குவளையும் மேனாட்டு மேஜைகளில் பல தலைமுறைகள் இருந்த காலத்தில் இவ்வுண்மை முழுவதும் அறியப்படவில்லை. ஆகவே அக்காலத்துப் பழைய பாத்திரங்களைக் காட்சிக்கு வைக்கலாமேயன்றி உணவுக்கு உபயோகிக்கலாகாது.

நமது சொம்பும் கலாயும்

சங்கங்களுக்குச் செல்லும்போது, "ஈயப் பாத்திரம் விஷமென்கிறார்களே, பாட்டி கொடுத்த சொம்பை எறிந்துவிடலாமா?" என்று பெண் அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. சுத்தமான வெள்ளீயத்தினால் செய்த சொம்பில் ரசம் வைப்பதில் அஞ்ச வேண்டியதில்லை. காரீயம் கலந்த சொம்பாயின் ஒரு நாளும் உபயோகிக்கலாகாது. ஆகவே சொம்பு எதனால் ஆனது என்பதே முதலில் தீர்க்க வேண்டிய விஷயம். தஞ்சை, கும்பகோணம் முதலிய ஊர்களில் நெடுங்காலமாக விற்கப்படும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தினால் செய்யப்படவேண்டியது. அதன் நற்பெயரைக் கொண்டு கலப்புச் சரக்கும் விலையாகக் கூடும்.

கலாயின் பயன் வேறு வகையானது. பித்தளையும் செம்பும் புளிப்புடன் சேர்ந்தால் களிம்பு ஏறும். அது வாந்தியும் வயிற்றுக் கோளாறும் உண்டாக்கும். பாத்திரத்தை நன்றாகத் துலக்கி, அடுப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயக் குச்சியை உரசிப் பஞ்சினாலோ துணியினாலோ பரப்பித் தேய்த்தால் மெல்லிய வெண்பூச்சு உட்புறம் முழுவதும் பற்றிக்கொள்ளும். நவச்சாரம் செம்பின் மேலுள்ள மாசை நீக்கி வெள்ளீயம் ஒட்டுமாறு செய்கிறது. அப்பூச்சு செம்புக்கும் புளிக்கும் இடையே சுவர் போல் நிற்கிறது. வெள்ளீயத்துக்குப் பதிலாகப் பற்றாசுக் கம்பியை உரசினால் பூச்சு இன்னும் எளிதில் பரவும்; புதிதில் பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் களிம்புக்கு அஞ்சிச் செய்த காரியம் அதனினும் கொடிய விஷத்தில் கொண்டுபோய் விடும்.

கலப்பை அறியும் வழிகள்

வீட்டிலும் சங்கத்திலும் செய்யத்தக்க சில சோதனைகளை இங்கே கூறுவேன்.

1. வெள்ளைக் காகிதத்தில் உலோகத்தை அழுத்தி இழுத்தால் பென்சில் கோடு போலக் கருங்கோடு விழுமானால் காரீயம் மிகுதியாக உள்ளது என்று கொள்ளலாம். கோடு விழாமையால் மட்டும் சுத்தமென்று தீர்மானிக்கலாகாது.

2. குச்சியாகவோ கம்பியாகவோ உள்ள வெள்ளீயத்தைக் காதருகில் வைத்து வளைத்தால் கிறீச்சென்ற சப்தம் கேட்கவேண்டும். காரீயம் மிகுந்தால் இச்சப்தம் குறையும்.

3. எடைச் சோதனை சற்று நுட்பமானது. பள்ளிக்கூட உபாத்தியாயரின் உதவியுடன் செய்யலாம். உலோகக் கட்டியை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு முதலில் காற்றிலும், பின்பு தண்ணீரில் முழுவதும் அமிழ்ந்திருக்கும்படியும் நிறுக்கவேண்டும். 730 கிராம் சுத்த வெள்ளீயம் தண்ணீரில் 100 கிராம் எடை குறைந்து காணும். அதே எடையுள்ள கட்டியில் நூற்றுக்கு 20 பங்கு காரீயமிருந்தால் ஏறக்குறைய 93 கிராம் மட்டுமே குறையும். நூற்றுக்கு 5 பங்கு மட்டுமிருந்தால் 98 கிராமுக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஆகவே பெருங்கலப்பை இச்சோதனை காட்டிக்கொடுக்கும். சிறு கலப்பைக் காட்டுவது கடினம். இலேசான வேறு உலோகத்தையும் கூடச் சேர்த்து எடையைச் சரிக்கட்டும் மோசக்காரனையும் இது பிடிக்காது.

இக்காரணத்தால் உறுதியான தீர்ப்பு உலோகப் பரிசோதனைச் சாலையிலேயே கிடைக்கும். தனி ஆள் ஒரு சொம்புக்காகப் பரிசோதனைக் கட்டணம் செலுத்துவது கட்டாது. ஒரு சங்கம் மொத்தமாக வாங்கும் கட்டிக்கு அச்செலவு பெரிதன்று.

பராமரிக்கும் முறை

பியூட்டர்ச் சாமான்களுக்கும் வெள்ளீயச் சொம்புக்கும் பொதுவாக உள்ள விதிகள் வருமாறு:

1. வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கலாகாது. தண்ணீர் கொதிக்கும் சூடு 100 டிகிரி. உள்ளே தண்ணீர் இருக்கும் வரையில் சொம்பின் சூடு அதற்கு அதிகம் மேற்படாது, உலோகம் உருகாது. தண்ணீர் வற்றிய சில நிமிஷங்களில் சூடு 232 டிகிரியைத் தாண்டிச் சொம்பின் அடி உருகி விழும். ரசத்தை ஊற்றிய பின்னரே சொம்பை அடுப்பிலேற்றி, நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும்.

2. தணலும் ஜ்வாலையும் அடியில் மட்டும் படவேண்டும். ரசத்தின் மட்டத்துக்கு மேலுள்ள பக்கத்தில் ஜ்வாலை ஏறினால் அவ்விடம் இளகிவிடும்.

3. சொம்பில் எண்ணெய் காய்ச்சுவதும் தாளிப்பதும் கூடாது. காய்ந்த எண்ணெயின் சூடு வெள்ளீயம் உருகும் சூட்டை நெருங்கும். இரும்புக் கரண்டியில் தாளித்துக் கொட்டுக. பியூட்டர்ச் சாமான்களையோ அடுப்பில் வைக்கவே கூடாது.

4. சமைத்த ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுக. புளிப்புப் பண்டத்தை இரவு முழுவதும் வைத்திருத்தல் ஆகாது.

5. மணல், செங்கற்பொடி, இரும்பு நார் ஆகியவற்றால் துலக்கினால் மிருதுவான உலோகம் கீறிப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் சிகைக்காய்ப் பொடியோ சாதாரணச் சோப்போ இட்டு மெல்லிய துணியால் கழுவி, உடனே துடைத்து உலர்த்துவது போதும்.

6. பியூட்டர் வெள்ளியைப் போல் அடிக்கடி கருப்பதில்லை. மங்கினால் சலித்த மிருதுவான சாக்குக்கட்டிப் பொடியைச் சிறிது எண்ணெயில் குழைத்து, ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்துக் கழுவிவிடலாம். மேனாட்டில் குதிரைவால் போன்ற ஒருவகைச் செடியை இதற்கென்றே உபயோகித்து, அதற்குப் பியூட்டர்ப் பூண்டு என்று பெயரும் இட்டிருந்தனர். பழம்பொருளாக வைத்திருக்கும் சாமான்களின் மங்கலான நிறத்தைச் சுரண்டி எடுக்கலாகாது. அந்நிறமே அவற்றின் மதிப்பு.

7. கனமான சாமான்களை மேலே அடுக்கலாகாது. நசுங்கினால் வீட்டில் சுத்தியால் தட்டாமல் தொழிலாளியிடம் கொடுக்கவேண்டும்.

8. மிகுந்த குளிர் நாடுகளில் 13 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட சீதோஷ்ணத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்ட சுத்த வெள்ளீயம் சாம்பல் நிறமடைந்து பொடியாக உதிர்வதுண்டு. ஆண்டிமனி சேர்ந்தால் இது தடுக்கப்படும். நமது சமவெளிகளில் இதைக் குறித்துக் கவலையில்லை.

கலாய்ப் பாத்திரங்களில் மஞ்சளோ சிவப்போ தோன்றியவுடன் மறுபடி பூசச் செய்யவேண்டும். பூசும்போது எழும் நவச்சாரப் புகை கண்ணையும் மார்பையும் உறுத்துமாதலால் குழந்தைகளை அப்புறப்படுத்தி, திறந்த வெளியில் வேலையை நடத்துக. பூசிய பாத்திரத்தில் முதலில் தண்ணீர் காய்ச்சிக் கொட்டிவிட்டுப் பின்பு சமைக்கவேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து ஏழைத் தொழிலாளர் 28 பேர் கூடி ஒரு கடை திறந்தனர். மாவிலும் சர்க்கரையிலும் கலப்படம் மலிந்திருந்த அக்காலத்தில், சுத்தமான சரக்கு, சரியான எடை என்ற இரண்டையும் அவர்கள் விடாப்பிடியாகக் காத்தனர். ஐக்கிய இயக்கம் அக்கடையிலிருந்தே உலகெங்கும் பரவிற்று. ஆகவே கலப்படத்தை எதிர்ப்பது நமது சங்கங்களுக்குப் புதிய வேலையன்று. அவை பிறந்த காரணங்களுள் ஒன்று.

நமது பண்டகசாலைச் சங்கங்கள் வெள்ளீயத்தைப் பொறுத்தமட்டில் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, அங்கத்தினருக்கு வேண்டிய வெள்ளீயத்தை மொத்தமாக வாங்குதல். உலக உலோகச் சந்தையில் வெள்ளீயக் கட்டிக்கு நூற்றுக்கு 99.85 பங்கு சுத்தம் வேண்டுமென்று விதி உண்டு. அத்தரத்துக்கு எழுத்து மூலமான அத்தாட்சியை வியாபாரியிடம் கேட்டுப் பெற்று, ஒரு துண்டைப் பரிசோதனைக்கும் அனுப்பவேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கு இருமுறை நாள் குறித்து, நாணயமுள்ள கலாய்க்காரரை வரவழைத்து, சங்கத்தின் வெள்ளீயத்தைக் கொண்டே எல்லோருடைய பாத்திரங்களுக்கும் பூசச் செய்தல். கூலியை முன்னரே பேசித் தீர்த்துவிட்டால் தொழிலாளிக்கும் வஞ்சனையில்லை. மலிவு கம்பியை உரசவேண்டிய நெருக்கடியும் அவருக்கு இல்லை. மூன்றாவது, சங்கத்தின் மூலம் விற்கப்படும் ஒவ்வொரு சொம்பின் அடியிலும் செய்தவரின் அடையாளத்தைப் பதிக்கச் செய்து, அதைச் சங்கப் புத்தகத்தில் எழுதி வைத்தல். லண்டன் தொழிலாளர் தகட்டில் பதித்ததை நாம் நோட்டில் பதிகிறோம், அவ்வளவே வேற்றுமை.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. பஞ்சாயத்தார் ஒரு தீர்மானம் செய்து, காரியதரிசி ஒரு பதிவுப் புத்தகம் வைத்தால் போதும். அடுத்த பொது மகாசபைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை ஆலோசனைக்குக் கொண்டுவரும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். அதுவரையில், வீட்டிலுள்ள ஈயச் சாமான் எத்தகையதென்று அறியாதவர்கள் அதில் புளிப்பானதைச் சமைப்பதையும், குழந்தைகளுக்கு அதிலிருந்து உணவளிப்பதையும் நிறுத்தி வைப்பார்களாக.